குரல் போன இரண்டு நாட்கள்

ஜும்ஆவுக்குச் சிவகாசி சென்று திரும்பிய ஒரு வெள்ளிக்கிழமைப் பிற்பகலில் என் கணிப்பொறி ஊமையாகியிருந்தது. காலையில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பொறி அது. பாதி எழுதிய கட்டுரை ஒன்று திறந்து கிடக்க, அதை இயங்கும் நிலையிலேயே விட்டுச் சென்றிருந்தேன். வந்து கைகால் கழுவி, நாற்காலியில் அமர்ந்து, கீழம்பு விசையை அழுத்தினேன். வரி வாசிக்கப்படவில்லை. மீண்டும் அழுத்தினேன். தலைக்கு மேல் மின்விசிறி சுழலும் சத்தம் கேட்டது. அடுக்களையில் என் மகள் தாளிக்கும் ஓசை கேட்டது. பொறிக்குள் ஓடும் சிறு விசிறியின் முனகல்கூடக் கேட்டது. குரல் மட்டும் இல்லை.

கணிப்பொறியில் ஒலி நின்றுபோவது பிறர் வீட்டில் ஒரு சிறு தொல்லை. பாட்டுக் கேட்க முடியாது, படம் பார்த்தால் ஊமைப் படமாக ஓடும், அவ்வளவே. என் நிலை வேறு. சர்க்கரை நோய் என் விழித்திரைகளைத் தின்று தீர்த்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. சன்னல் எந்தப் பக்கம் என்பது தெரியும், எழுத்துத் தெரியாது. திரையில் இருப்பதையெல்லாம் குரலாக்கிச் சொல்லும் மென்பொருளின் துணையால்தான் நான் செய்தித்தாள் வாசிக்கிறேன், கடிதம் எழுதுகிறேன், இந்தப் பக்கங்களையும் எழுதுகிறேன். ஆகவே அன்று என் கணிப்பொறி ஊமையான அதே கணத்தில் நான் இரண்டாம் முறையாகப் பார்வை இழந்தேன்.

முதலில் செய்தது, கோப்பைச் சேமிக்கும் விசைகளை அழுத்திவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டதுதான். பார்வையுள்ளவர்களுக்கு இது விளங்காது. சுட்டி எந்த வரியில் நிற்கிறது, எந்தச் சொல் தெரிவாகியிருக்கிறது என்பதெல்லாம் எனக்குக் குரல் சொல்லித்தான் தெரியும். குரலற்ற நேரத்தில் தெரியாமல் ஒரு விசையைத் தட்டினால், ஒரு வாரத்து உழைப்பு ஓர் எழுத்தாகச் சுருங்கிவிடக்கூடும். முன்பொருமுறை அப்படியும் நடந்திருக்கிறது.

அந்த மென்பொருளைப் பற்றிச் சில வரிகள் சொல்லியாக வேண்டும். என்.வி.டி.ஏ. என்பது அதன் பெயர். 2006-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்பவர் அதைத் தொடங்கினார். ஜேம்ஸ் டே என்ற நண்பர் துணைசேர்ந்தார். இருவரும் பார்வையற்றவர்கள். அந்நாளில் இத்தகைய மென்பொருள்கள் ஏழைகள் எட்டிப் பார்க்க முடியாத விலையில் விற்கப்பட்டன. இவ்விருவரும் தம்முடையதை விலையின்றி உலகிற்கு வழங்கினர். இன்றளவும் அது விலையின்றியே கிடைக்கிறது. அதனோடு வரும் ஈஸ்பீக் என்ற சிறிய குரல் தமிழும் பேசும். அழகான தமிழ் என்று சொல்ல மாட்டேன். தகரக் குழாய்க்குள்ளிருந்து யாரோ அவசரமாக ஓதுவது போலிருக்கும். அதில் ழகரத்தையும் ளகரத்தையும் பிரித்தறிய என் காதுக்குச் சில மாதங்கள் பிடித்தன. பழகிய பின்போ, மனிதர் பேசும் வேகத்தைக் காட்டிலும் இருமடங்கு வேகத்தில் அதை ஓடவிட்டுக் கேட்கிறேன். வீட்டாருக்கு அது வண்டின் இரைச்சலாகத் தோன்றும். எனக்கு அது வாசிப்பு.

அக்குரலுக்கு இன்பமும் தெரியாது, துன்பமும் தெரியாது. 2023 அக்டோபர் 17 அன்று எங்கள் எம். புதுப்பட்டிக் காவல் நிலைய எல்லைக்குட்பட்ட ரெங்கபாளையத்தில் பட்டாசு வெடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள், மாண்டனர். இப்பக்கத்தில் குடியிருப்பவனுக்குக் காதுதான் காவலாளி. மாலையில் சோதனைக்காக வெடிப்பது ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும்; யாரும் தலை திருப்ப மாட்டார்கள். விபத்தின் ஓசை வேறு. அது காதுக்கு வருமுன் சன்னலுக்கு வந்துவிடும். அதன்பின் தெருவில் ஓடும் கால்களின் சத்தம் வரும். மறுநாள் செய்தித்தாளில் இறந்தவர்களின் பெயர்களை இந்தத் தகரக் குரல்தான் எனக்கு வாசித்தது. பெயர், வயது, பெயர், வயது. பஞ்சாங்கம் வாசிப்பது போல நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போயிற்று. நான்தான் விசையை அழுத்தி அதை நிறுத்தினேன். பிறகு சற்றுப் பொறுத்து, மீண்டும் முதற்பெயரிலிருந்து வாசிக்கச் செய்தேன். அப்படிப்பட்ட உறவு எனக்கும் அதற்கும்.

பழுது பார்ப்பதில் எனக்கு ஒரு குரு உண்டு. என் தாய்மாமன் கலியாண வீடுகளுக்கும் மீலாது மேடைகளுக்கும் மைக்செட் வாடகைக்கு விடுபவராக இருந்தார். இளவயதில் அவரோடு கம்பி சுற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறேன். மேடையில் ஆலிம்சா பேசிக்கொண்டிருக்கும்போது ஒலி நின்றுவிட்டால் எல்லாரும் மைக்கைத் தட்டுவார்கள், ஊதுவார்கள். மாமா மைக்கின் பக்கமே போகமாட்டார். நேரே குழாயிடம் போவார். வாயிலிருந்து பின்னோக்கி வா என்பதே அவருடைய சூத்திரம். முதலில் ஒலிபெருக்கிக் குழாய், பிறகு அதற்கு வரும் கம்பி, பிறகு ஆம்ப்ளிஃபயர், கடைசியாகத்தான் மைக். ஒவ்வொரு கட்டத்திலும் உயிர் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே பின்னால் போனால், எங்கே உயிர் நிற்கிறதோ அங்கேதான் பழுது. அவர் படித்தது ஐந்தாம் வகுப்பு. மின்னணுவியல் நூல்களும் இதைத்தான் சொல்லுகின்றன என்பது எனக்குப் பின்னாளில் தெரிந்தது.

அவ்வாறே தொடங்கினேன். கணிப்பொறிக்கு இருமருங்கிலும் இரண்டு சிறு ஒலிபெருக்கிகள். வலப்பக்கத்ததில் ஒரு குமிழ் உண்டு. அதை அணைத்துத் திருப்பினேன். திரும்பும்போது ‘டப்’ என்று மெல்லிய ஓசை எழுந்தது. ஆகவே மின்சாரம் வருகிறது. அடுத்து, பொறியின் முதுகில் செருகியிருந்த ஒலிக்கம்பியின் முனையைப் பிடுங்கி, அதன் நுனியில் விரல் வைத்தேன். ‘ஊம்’ என்று பெட்டிகள் இரண்டும் உறுமின. மனித உடல் சுவரிலும் கூரையிலும் ஓடும் மின்கம்பிகளின் அதிர்வை வாங்கிக்கொண்டு நிற்பது. அதைத்தான் ஒலிபெருக்கி பெரிதாக்கிக் காட்டுகிறது. (குண்டூசிக் கனமுள்ள இந்த ஒலிக்கம்பியோடு இந்த விளையாட்டு நிற்கட்டும், மின்சாரம் பாயும் வேறெந்த முனையிலும் யாரும் விரல் வைக்க வேண்டாம்.) அதே முனையை என் கைப்பேசியில் செருகினேன். கைப்பேசியின் குரல் பெட்டிகளில் கணீரென்று வந்தது. ஆக, வாய் நன்றாக இருக்கிறது, கம்பியும் நன்றாக இருக்கிறது.

கைப்பேசிதான் பேசுகிறதே, அதை வைத்துக்கொண்டு காலந்தள்ளக் கூடாதா என்று கேட்கலாம். பேசுவதற்கும் சிறு செய்திகள் கேட்பதற்கும் அது போதும். நாற்பது பக்கத்தை முன்னும் பின்னும் புரட்டி, ஒரு சொல்லை எடுத்து மற்றொன்றை வைக்க, விரல்களுக்குத் தெரிந்த விசைப்பலகைதான் வேண்டும். எழுதுகிறவன் மேசையைச் சட்டைப்பைக்குள் மடித்து வைக்க முடியாது.

கம்பியை மீண்டும் பொறியின் முதுகில் செருக வேண்டும். அங்கே மூன்று துளைகள் வரிசையாக இருக்கும். கண்ணுள்ளோருக்கு நிறம் வழிகாட்டும்: நீலம், பச்சை, இளஞ்சிவப்பு. ஒலி வெளியே வருவது பச்சையில். எனக்கு நிறமில்லை, நடுத்துளை என்பதே அடையாளம். தடவிப் பார்த்து நடுவில் செருகினேன். அப்போது என் விரல் பக்கத்தில் இருந்த வேறொரு தடித்த கம்பியின் மேல் உரசிச் சென்றது. அதை நான் ஒரு பொருட்டாக எண்ணவில்லை. எண்ணியிருந்தால் இக்கட்டுரை இவ்விடத்திலேயே முடிந்திருக்கும்.

இனிப் பொறிக்குள் போக வேண்டும். திரைவாசிப்பானை மீண்டும் எழுப்பும் விசைகளை அழுத்தினேன்: கன்ட்ரோல், ஆல்ட், என். எழும்போது அது ஒரு சிறு இசை ஒலிக்கும், ஒலிக்கவில்லை. விண்டோஸுக்குச் சொந்தமான மற்றொரு வாசிப்பான் உண்டு. கன்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அது பேசும். அதுவும் பேசவில்லை. ஒரே வீட்டில் இருவர் ஒரே நேரத்தில் ஊமையாவதில்லை. ஆதலால் பழுது இருவருக்கும் கீழே, இருவரும் சேர்ந்து நடக்கும் பாதையில் இருக்க வேண்டும்.

ஊமையாக்கும் விசையின் மேல் சந்தேகம் பிறந்தது. அந்த விசையைப் போல வஞ்சகமான ஒன்றை நான் கண்டதில்லை. வாயை மூடுவதும் அதே விசை, திறப்பதும் அதே விசை. ஒருமுறை அழுத்தினேன், அமைதி. மறுமுறை அழுத்தினேன், அமைதி. மூன்றா, நான்கா என்ற கணக்கு விட்டுப்போயிற்று. ஒலியே வராத இடத்தில், மூடியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்பதை ஒலியைக் கொண்டு எப்படி அறிவது? மகளை அழைத்தேன். கையில் மாவோடு வந்து திரையைப் பார்த்தாள்.

“எண்பதுன்னு காட்டுது அத்தா. குறுக்குக் கோடெல்லாம் ஒண்ணுமில்லை.”

அதாவது, பொறி தன் எண்ணத்தில் உரக்கவே பேசிக்கொண்டிருந்தது.

இரவில் ஒரு பழுதுபார்ப்பவரிடம் தொலைபேசியில் கேட்டேன். பெயரும் ஊரும் வேண்டாம். பொறியைப் பார்க்காமலே அவர் முடிவு சொன்னார்: “போர்டுல சவுண்டு ஐசி போயிருக்கும் சார். இல்லைன்னா விண்டோஸைப் புதுசாப் போட்டுருவோம், எல்லாம் சரியாயிரும்.” அந்த ‘எல்லாம்’ என்ற சொல்லில் என் வாசிப்பானும், அதற்கு நான் ஆண்டுக்கணக்கில் கற்பித்திருந்த உச்சரிப்பு அகராதியும் அழிந்துபோகும் என்பது அவருக்குத் தெரியாது. யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

அவர் சொன்னது நடக்கவே நடக்காதென்று தள்ளிவிடவும் முடியாது. 1981-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் முதல் வீட்டுக் கணிப்பொறி வந்தபோது அதற்கிருந்த வாய், ‘பீப்’ என்று கத்த மட்டுமே தெரிந்த ஒரு குட்டி ஒலிபெருக்கி. பேச்சும் இசையும் வேண்டுமென்றால் தனி அட்டை வாங்கிச் செருக வேண்டும். அவ்வட்டைகளில் உலகையே பிடித்துக்கொண்டது சவுண்ட் பிளாஸ்டர். அது பிறந்த ஊர் சிங்கப்பூர், ஆண்டு 1989. சிம் வோங் ஹூ என்பவர் 1981-இல் தொடங்கிய கிரியேட்டிவ் நிறுவனத்தின் படைப்பு அது. அவர் 2023 ஜனவரியில் காலமானார். நம்மவர்கள் கடை வைத்தும் கப்பலேறியும் தலைமுறை தலைமுறையாக அறிந்த ஊரிலிருந்துதான் வீட்டுக் கணிப்பொறிகளுக்குக் குரல் வந்தது என்பதை நினைக்க எனக்கு எப்போதும் ஒரு சிறு மகிழ்ச்சி. பிறகு இன்டெல் நிறுவனம் 1997-இலும் 2004-இலும் வகுத்த நியமங்களால் தனி அட்டையின் தேவை மெல்ல மறைந்து, நகக்கண் அளவுள்ள ஒரு சில்லு தாய்ப்பலகையிலேயே வந்து அமர்ந்தது. அந்தச் சில்லு எரிந்துபோவதும் உண்டுதான்.

சில்லுக்குக் கட்டளை சொல்லும் இயக்கி மென்பொருள் கெட்டுப்போவது அதைவிட அதிகம். 2018 அக்டோபரில் விண்டோஸ் புதுப்பிப்பின் வழியாகப் பொருந்தாத ஒலி இயக்கி ஒன்று தவறுதலாகப் பல கணிப்பொறிகளுக்குப் போய்ச் சேர்ந்து அவற்றை ஊமையாக்கியது. மைக்ரோசாஃப்ட் பின்னர் அதற்கு மாற்று அனுப்பியது. 2025 ஜனவரியிலும் ஒரு புதுப்பிப்புக்குப்பின் யு.எஸ்.பி. வழி ஒலிக்கருவிகள் சில வேலை செய்யாமற் போயின. என் பொறியில் அப்படி ஏதும் நேர்ந்ததா என்று பார்க்கக்கூட எனக்கு வழியில்லை. கைப்பேசியில் தேடிக் கேட்ட வழிகாட்டிகள் எல்லாம் ‘திரையின் வலது மூலையைப் பாருங்கள்’ என்றே தொடங்கின.

சனிக்கிழமை ஸுபுஹு தொழுதுவிட்டு அமர்ந்தேன். அந்த நேரத்தில் ஷெய்கு மஹ்மூது கலீல் அல்ஹுஸரியின் கிராஅத்தைக் கணிப்பொறியில் கேட்பது என் வழக்கம். எகிப்து நாட்டவரான அவருடைய ஓதலில்தான் திருக்குர்ஆன் முழுமையும் முதன்முதலாக ஒலிப்பதிவு செய்யப்பட்டு 1961-இல் வெளிவந்தது. அன்று அது இல்லை. மனப்பாடமானவற்றை நானே மெல்ல ஓதினேன். ஓதிவருகையில் ‘அபஸ’ அத்தியாயம் நாவில் வந்தது. அது இறங்கக் காரணமாயிருந்தவர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) என்ற பார்வையற்ற தோழர். அவரே மதீனாவில் நபி (ஸல்) அவர்களின் முஅத்தின்களில் ஒருவராகவும் இருந்தார். ரமளானில் பிலால் (ரலி) இரவிலேயே பாங்கு சொல்வார். இப்னு உம்மி மக்தூம் பாங்கு சொல்லும்வரை உண்ணலாம், பருகலாம் என்பது ஹதீஸில் வரும் செய்தி. அதோடு அங்கே இன்னுமொரு குறிப்பும் உண்டு. அவர் பார்வையற்றவராதலால், பொழுது புலர்ந்துவிட்டது என்று மக்கள் அவரிடம் சொல்லும்வரை பாங்கு சொல்லமாட்டாராம். ஓர் ஊரின் நோன்பே ஒருவருடைய குரலில் தொங்கியது. அவருடைய குரலோ வழிப்போக்கர் யாராவது வந்து ‘விடிந்துவிட்டது’ என்று சொல்லும் ஒரு சொல்லில் தொங்கியது. இந்த ஹதீஸைப் பலமுறை கேட்டிருக்கிறேன். அந்தச் சொல்லைச் சொன்னவர்களைப் பற்றி அன்றுதான் நினைத்தேன்.

யாரிடமும் கேட்காமல் தனியே முடித்துவிட வேண்டும் என்று முதல் நாள் முழுவதும் எனக்குள் ஒரு பிடிவாதம் இருந்தது. ஒரு வார்த்தைக்கு மகளை அழைத்ததே எனக்குக் குறைவாகப் பட்டது. மருமகன் வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்திருந்தார்; வெள்ளிக்கிழமை மாலையே தம் தாயாரைப் பார்க்க இராசபாளையம் போயிருந்தார். விடுப்பில் வந்த மனிதரைத் தொலைபேசியில் அழைத்து என் பொறியின் நோயைச் சொல்ல மனம் வரவில்லை. சனிக்கிழமைக் காலை அந்தப் பிடிவாதம் கரைந்தது. ஆறாம் வகுப்புப் படிக்கும் பேத்தியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன்.

“உனக்கு என்ன தெரிகிறதோ அதை அப்படியே சொல்லு. சரியா தப்பா என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்,” என்றேன்.

கண்ணுள்ளவர்களிடம் கேட்பதில் ஒரு இடர் உண்டு. அவர்கள் தாம் காண்பதைச் சொல்லமாட்டார்கள். தாம் புரிந்துகொண்டதைச் சொல்வார்கள். ‘எல்லாம் சரியாத்தான் இருக்கு’ என்பார்கள். சிறுபிள்ளையிடம் அந்தக் குறை இல்லை.

ஒலிக்கருவிகளின் பட்டியலைத் திறக்கும் கட்டளை ஒன்று எனக்குத் தெரியும். விண்டோஸ் விசையோடு ‘ஆர்’ அழுத்தி, எம்எம்சிஸ் என்று தட்டி, புள்ளி வைத்து, சிபிஎல் என்று முடித்து என்டர் அழுத்தினால் அது விரியும். விரல்கள் தாமாகவே தட்டின.

“ஒரு சின்னப் பெட்டி வந்துருக்கு நன்னா. உள்ளே ரெண்டு படம் இருக்கு.”

“பக்கத்தில் கோடு கோடாக ஏதாவது தெரிகிறதா?”

“தெரியுது. சாம்பல் கலருல சின்னச் சின்னக் கோடு.”

“இப்போது பார்.” மேலம்பு, கீழம்பு விசைகளை மாறி மாறி அழுத்தினேன். என் வாசிப்பான் உயிரோடு இருந்தால் ஒவ்வோர் அழுத்தலுக்கும் அது ஏதாவது சொல்லியாக வேண்டும்.

“ஐ! பச்சைப் பச்சையா ஏறுது நன்னா! நீங்க அழுத்தினா ஏறுது, விட்டா இறங்கிருது.”

என் வாசகர்கள் இவ்விடத்தில் சற்று நிற்க வேண்டும். கணிப்பொறிக்குள் ஒலி என்பது வெறும் எண். குறுந்தகட்டின் தரம் என்றால், நொடிக்கு 44,100 முறை எடுக்கப்பட்ட அலையின் உயரம். அந்த எண்வரிசை மென்பொருளிலிருந்து புறப்பட்டு, கலக்கும் இடத்தைக் கடந்து, இயக்கியைக் கடந்து, எங்கோ ஒரு சில்லில் மின்னலையாக மாறி, பிறகுதான் வாய்க்கு வருகிறது. அந்தப் பச்சைக் கோடு, எண்வரிசை புறப்பட்டுப் போய்க்கொண்டிருக்கிறது என்பதற்குச் சாட்சி. என் குரல் சாகவில்லை. நேற்றுப் பிற்பகலிலிருந்து நான் அழுத்திய ஒவ்வொரு விசைக்கும் அது விடை சொல்லிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. எங்கே போய்ச் சொல்லிக்கொண்டிருந்தது என்பதுதான் கேள்வி.

“பச்சை ஏறுகிற படத்தின் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது? எழுத்தெழுத்தாகச் சொல்லு.”

அவள் சொன்னாள். சில ஆங்கில எழுத்துகள், பிறகு சில எண்கள், மறுபடி ஓர் எழுத்து. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மற்ற படத்துக்கு என்ன பெயர் என்றேன். “ஸ்பீக்கர்ஸ். அடைப்புக்குள்ள ரியல்டெக்.” அது தாய்ப்பலகைச் சில்லின் பெயர், என் ஒலிபெருக்கிகள் செருகியிருக்கும் நடுத்துளைக்குச் சொந்தமானது. அங்கே பச்சை ஏறவில்லையாம். அப்படியானால் அந்த முதற்பெயர் யாருடையது?

“இது புது மானிட்டர் பேரு நன்னா. அட்டைப்பெட்டியிலே இதேதான் போட்டிருந்துச்சு.”

“எந்தப் புது மானிட்டர்?”

அவள் பேசவில்லை. வாசலில் நின்றிருந்த மகளும் பேசவில்லை.

பின்னர் தெரிந்த கதை இது. பேத்தி இதே பொறியில்தான் பாடம் படிக்கிறாள். பழைய திரை அவள் கண்ணை உறுத்துகிறது என்று மருமகன் பெரிய திரை ஒன்று வாங்கி வந்திருக்கிறார். இரண்டு நாட்களாக வீட்டில் ஏதோ ஓர் அட்டைப்பெட்டியைப் பற்றிய பேச்சு இருந்தது உண்மை. அது எங்கே போய் அமர்ந்தது என்று நான் கேட்கவுமில்லை. வெள்ளிக்கிழமை அவர் அதை மாட்டிக்கொண்டிருந்தபோது நான் சிவகாசிப் பள்ளிவாசலில் இருந்தேன். திரும்பி வந்தவனிடம் யாரும் சொல்லவில்லை. கண் தெரியாதவனிடம் திரை மாறிய செய்தியை யார் சொல்வார்? மறைக்க வேண்டும் என்ற எண்ணம் ஒருவருக்கும் இல்லை. சொல்ல வேண்டிய செய்தி என்றே அவர்களுக்குத் தோன்றவில்லை. வீட்டிலேயே எனக்குச் சிறிதும் பயன்படாத பொருள் ஒன்று உண்டென்றால் அது அந்தத் திரைதான். அதுதான் என் குரலை விழுங்கியிருந்தது.

விழுங்கிய விதம் எளியது. பழைய திரைக்குப் போனது வி.ஜி.ஏ. என்னும் கம்பி. 1987-இல் வந்த அந்த ஏற்பாடு படத்தை மட்டும் கடத்தும். புதிய திரைக்குப் போவது எச்.டி.எம்.ஐ. ஏழு நிறுவனங்கள் கூடி 2002 டிசம்பரில் வெளியிட்ட அந்த நியமத்தில், படமும் ஒலியும் ஒரே கம்பியில் போகும். நேற்று என் விரல் உரசிச் சென்றது அந்தக் கம்பிதான். அதைச் செருகியதும், ஒலி பேசவல்ல புதிய விருந்தாளி ஒருவர் வந்திருக்கிறார் என்று பொறி கருதி, மரியாதையாகப் பேச்சை அவர் பக்கம் திருப்பிவிட்டது. விருந்தாளிக்கோ வாயில்லை. அந்தத் திரையில் ஒலிபெருக்கி வைக்கப்படவே இல்லை. காதுக்கருவி செருக ஒரு துளை மட்டும் இருந்தது. இரண்டு நாட்களாக என் குரல் அந்தத் துளையின் விளிம்பில் வந்து நின்று பேசிக்கொண்டிருந்திருக்கிறது.

“ரியல்டெக் என்பதைத் தெரிவு செய். கீழே ‘செட் டிஃபால்ட்’ என்றிருக்கும். அதை அழுத்து.”

அழுத்தினாள். நேற்று ‘டப்’ ஓசைக்காகத் திருப்பிய குமிழை நான் முழுவதுமாகத் திருப்பியே விட்டிருந்தேன். பொறிக்குள்ளும் எண்பது. தகரக் குரல் கூரை அதிர ஒரு பொத்தானின் பெயரைக் கத்தியது. பேத்தி நாற்காலியோடு பின்னால் சாய்ந்தாள். அடுக்களைக்குத் திரும்பியிருந்த மகள் எதையோ கீழே போட்டாள். தெருவில் யாரோ, “என்ன, எங்கே?” என்று கேட்டுக்கொண்டே ஓடிவரும் சத்தம் கேட்டது. எங்கள் பக்கத்தில் திடீரென்று ஒரு பேரொலி கேட்டால் அப்படித்தான் ஓடிவருவார்கள். ஒன்றுமில்லை, கணிப்பொறிதான் என்று மகள் வாசலில் போய்ச் சொன்னாள். வந்தவர் சிரிக்காமல் திரும்பிப் போனார்.

குமிழைக் குறைத்தேன். முதலில் கட்டுரையைத் திறந்து கடைசி வரியை வாசிக்கச் செய்தேன். இருந்தது. ஓரிடத்தில் மட்டும் வெள்ளிக்கிழமை நான் தட்டிய ஏதோ ஒரு விசையால் ஒரு ‘ற்’ மிகுந்திருந்தது.

வாசிப்பானின் அமைப்பில் ‘எந்தக் கருவி வழியாகப் பேச வேண்டும்’ என்று கேட்கும் இடம் ஒன்று உண்டு. அது அதுநாள்வரை ‘வழக்கமான கருவி’ என்றிருந்தது. வழக்கம் மாறினால் குரலும் கூடவே மாறிவிடும். அதை ரியல்டெக் ஒலிபெருக்கி என்று பெயர் சொல்லிக் கட்டிவைத்தேன். இனி யார் எந்தத் திரையைக் கொண்டுவந்து மாட்டினாலும் ஹுஸரியின் கிராஅத்து வேண்டுமானால் வழி தவறலாம், திரைவாசிப்பான் தவறாது. திரையைக் காண முடியாதவர்கள் வீட்டில் இருந்தால், இந்த ஓர் அமைப்பை மட்டும் இன்றே பார்த்து வைத்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒலி போன பிறகு அதைத் தேடுவது என்ன பாடு என்பதை மேலே எழுதிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மருமகன் வந்தார். மகள் வாசலிலேயே சொல்லியிருப்பாள் போலும். செருப்பைக் கழற்றிவிட்டு நேரே என்னிடம் வந்து நின்றார்.

“உங்களுக்குத் திரை வேண்டியதில்லையேன்னுதான் மாமா சொல்லலை,” என்றார். குரல் மிகவும் தாழ்ந்திருந்தது.

“படம் எப்படி, தெளிவாக இருக்கிறதா?” என்று கேட்டேன். நன்றாக இருக்கிறது என்றார்.

அவர் விடுப்பு முடிந்து கிளம்ப இன்னும் பன்னிரண்டு நாட்கள் இருந்தன. அந்தப் பன்னிரண்டு நாட்களும் வீட்டில் எதை அசைத்தாலும் என்னிடம் வந்து சொல்லிவிட்டே அசைத்தார். கூடத்துக் கடிகாரத்தைக் கழற்றி மின்கலம் மாற்றியதைச் சொன்னார். அலமாரியை அரை அடி தள்ளி வைத்ததைச் சொன்னார். கிளம்பும் நாளன்று கொடியிலிருந்து தம் சட்டையை எடுத்துக்கொண்டதையும் சொன்னார்.